பரீட்சை யாருக்கு?

சென்ற வைகாசியில் வரதராஜப் பெருமாளின் கருட சேவை பார்ப்பதற்காகக் காஞ்சிபுரம் போயிருந்தேன். விடியற்காலையில் கோபுர வாசலில் தரிசனம் முடிந்து, கூட்டம் கலைந்து, வெயிலும் தணிந்த பிறகு, பிள்ளையார்பாளையத்தில் எனக்கு நெடுநாள் பழக்கமான ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போனேன். அன்றிரவு அங்கேயே தங்குவதாக ஏற்பாடு. வீட்டின் முன்கூடத்தில் குழித்தறி. தறியில் பாதி நெய்த சேலை: உடல் அரக்குச் சிவப்பு, கரை மயில்கழுத்து நிறம். தறிக்கு எதிர்ச் சுவரில் தொலைக்காட்சிப் பெட்டி. அந்த வீட்டுக்கு முதன்முதல் தொலைக்காட்சி வந்தது, 2006-ஆம் ஆண்டு தமிழக அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்த வண்ணப் பெட்டிகளில் ஒன்றாகத்தான். அது ஆயுள் முடிந்து போய்விட்டது. இப்போது சுவரில் தொங்குவது தவணையில் வாங்கியது.

அதில் ஒரு ஹாஸ்யத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் சொல்லப் போவதில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவையெல்லாம் தப்பித்துக்கொள்ளும். கதை வாசகர்கள் அறிந்ததுதான். ஒரு தகப்பனார், ஏதோ ஓர் அலுவலகத்தில் உத்தியோகம். நான்கு வயதுப் பிள்ளையை எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பெற்றோருக்கும் பேட்டி உண்டாம். தகப்பனார் நிலைக்கண்ணாடி முன் நின்று இங்கிலீஷ் பேசிப் பழகுகிறார், சிரிப்பு. தாயார் அவர் கழுத்தில் டையைக் கட்டி இறுக்குகிறாள், அவருக்கு மூச்சு முட்டுகிறது, மேலும் சிரிப்பு. கடைசியில் பிள்ளை, தலைமையாசிரியையின் முன்னால், "அப்பா ராத்திரி பூரா இதைத்தான் மனப்பாடம் பண்ணார், மிஸ்" என்று போட்டு உடைக்கிறான், பெருஞ்சிரிப்பு.

சிரித்தது யார்? அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஐந்து பேரில் ஒருவரும் இல்லை. பெட்டிக்குள்ளே இருந்தவர்கள் தங்களுக்குத் தாங்களே சிரித்துக்கொண்டார்கள்.

வீட்டுப் பெரியவர், நெசவாளரின் தகப்பனார், எண்பதைத் தாண்டியவர், சுவரில் சாய்ந்தபடி கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். விளம்பரம் வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, இந்தப் புள்ளைக்கு ஒரு நாளைக்கு என்னா கூலி குடுப்பாங்க?"

இப்போது கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "தாத்தா, அது நடிப்பு" என்றாள் பேத்தி.

"நடிப்புன்னா வேலைதானே?" என்றார் பெரியவர்.

அப்போது நானும் சேர்ந்துதான் சிரித்தேன். இரவு பாயில் படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. கிழவர் கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை என்பது சிறிது சிறிதாக உறைக்க ஆரம்பித்தது. அந்தக் கேள்விக்கு நான் கடன்பட்டிருக்கும் பதில்தான் இந்தக் கட்டுரை.

கேட்டவர் யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். காஞ்சிபுரம் சேலையின் பெருமை அதன் கோர்வையில் இருக்கிறது. உடலுக்கு ஒரு நிறம். கரைக்கு வேறொரு நிறம். இரண்டும் தனித்தனி ஊடையால் நெய்யப்பட்டு, நெய்யும்போதே ஒன்றோடொன்று கோர்க்கப்படுகின்றன. சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று கடைக்காரர்கள் மார் தட்டிக்கொள்வது இந்தக் கோர்வையை வைத்துத்தான். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரண்டு பக்கத்துக் கரைக்கும் இரண்டு. நெசவாளர் தாம் ஒருவராகவே மூன்றையும் ஆள்வது மிகவும் கடினம். ஆகையால் அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, ஒரு பக்கத்துக் கரையின் நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக அந்த இன்னொருவர் யார்? ஒரு சிறுவன், அல்லது ஒரு சிறுமி.

சொந்தப் பிள்ளையாக இருந்தால் கூலி கிடையாது. பிறர் பிள்ளையாக இருந்தால், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு அந்தப் பிள்ளையின் நாட்கள் ஈடு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. அந்த 1986-ஆம் ஆண்டுச் சட்டம் நெசவைக் குழந்தைகளுக்குத் தடுத்த வேலைகளில் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் வீட்டுக்காரர் தம் குடும்பத்தாரை வைத்துக்கொண்டு செய்தால் தடையில்லை என்று ஒரு விலக்கும் கொடுத்தது. 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் அமைப்பு, இந்தியப் பட்டுத் தொழிலில் குழந்தைகள் முன்பணத்துக்கு அடிமைப்பட்டுக் கிடந்ததைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் காஞ்சிபுரமும் இடம்பெற்றிருந்தது. அந்தக் காட்சி இன்று அரிதாகிவிட்டது. அதற்காகப் பாடுபட்டவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாவிட்டாலும் அவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

பெரியவர் ஒன்பது வயதில் தறியில் உட்கார்ந்தவர். திரையில் நாம் ஒரு கதாபாத்திரத்தைப் பார்த்தோம். அவர் வேலை செய்யும் ஒரு பிள்ளையைப் பார்த்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

சட்டம் யார் பக்கம் என்று பார்த்தால், அது பெரியவர் பக்கம் நிற்கிறது! 2016-இல் நாடாளுமன்றம் அந்தக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று விதித்தது. விதித்த கையோடு இரண்டு கதவுகளைத் திறந்தும் வைத்தது. ஒன்று: அபாயமில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக, அல்லது விடுமுறையில், பிள்ளை உதவி செய்யலாம். இரண்டு: விளம்பரம், சினிமா, தொலைக்காட்சித் தொடர் முதலியவற்றில் பிள்ளை கலைஞராக வேலை செய்யலாம், சர்க்கஸில் மட்டும் கூடாது. அடுத்த ஆண்டு வந்த விதிகள், குழந்தைக் கலைஞரை நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அந்தப் பிள்ளையின் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும் என்று சொல்கின்றன. தகப்பனுக்கு உதவும் பிள்ளையும், தொலைக்காட்சியில் தகப்பனைப் படுத்தும் பிள்ளையும், ஒரே சட்டப் பிரிவின் இரண்டு உட்பிரிவுகள். நாங்கள் நகைத்த கேள்வியைச் சட்டம் நகைக்கவில்லை. அதற்கு மணிக்கணக்கும் சதவீதக் கணக்கும் எழுதி வைத்திருக்கிறது.

முதல் கதவைப் பற்றித் தமிழ்நாட்டுக்குப் பழைய ஞாபகம் ஒன்று உண்டு. 1953-இல் ராஜாஜி, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிப்பு நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோர் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டு நாடே கொதித்தது. எதிர்த்தவர்களில் இந்தக் காஞ்சிபுரம் பெற்ற அண்ணாதுரையும் ஒருவர். 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். காமராசர் முதலமைச்சராகி அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். ஏறக்குறைய அந்த நாட்களில்தான் நம் பெரியவர் தறியில் உட்கார்ந்தார். குடும்பத் தொழிலுக்குத் திறந்த கதவைக் கண்டு கொதித்த சமூகம், படப்பிடிப்புக் கூடத்துக்குத் திறந்த கதவைக் கண்டு கைதட்டுகிறதே, அது எப்படி?

அமெரிக்காக்காரர்கள் இந்தப் பாடத்தை ஒரு பிள்ளையின் செலவில் கற்றார்கள். 1921-இல் சாப்ளினோடு 'தி கிட்' படத்தில் நடித்து உலகத்தை அழவைத்த ஜாக்கி கூகன் வயதுக்கு வந்து பார்த்தபோது, சம்பாதித்ததில் பெரும்பகுதியைத் தாயாரும் மாற்றாந் தகப்பனும் செலவழித்திருந்தார்கள். 1938-இல் அவர் அவர்கள்மேல் வழக்குத் தொடுத்தார். 1939-இல் கலிபோர்னியா மாகாணம் அவர் பெயராலேயே வழங்கும் ஒரு சட்டத்தை இயற்றியது. பிற்காலத்தில், 1964-இல், அந்தக் கூகன் மொட்டைத் தலையோடு 'ஆடம்ஸ் ஃபேமிலி' என்னும் தொலைக்காட்சிக் குடும்ப ஹாஸ்யத்தில் மாமா வேஷம் போட்டு மக்களைச் சிரிக்க வைத்தார். பெற்றோரால் அவர் பட்ட பாட்டை யாரும் ஹாஸ்யத் தொடராக எடுக்கவில்லை.

குழந்தைகள் நடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் வராத கலை, பிள்ளைகள் வராத வீடு போலச் சூன்யமாகத்தான் இருக்கும். என் வழக்கு வேறு. அந்தப் பிள்ளையை நிறுத்தி வைத்து நம்மிடம் விற்கப்படுகிற சரக்கு என்ன என்பதுதான் என் வழக்கு.

சரக்கு இதுதான்: பிள்ளை வளர்ப்பது பெற்றோர் படும் பாடு. பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறது, பெற்றோர் பாடு. கணக்கில் மார்க்கு குறைகிறது, பெற்றோர் பாடு. கைப்பேசியைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறது, பெற்றோர் பாடு. இந்தத் தொடர்களின் இலக்கணத்தில் குழந்தை என்பது பெற்றோருக்கு வைக்கப்பட்ட ஒரு பரீட்சை. அவர்கள் தேறுவார்களா, தவறுவார்களா என்பதே கதை. பிள்ளை வினாத்தாள்; அதற்குமேல் அவனுக்கு வேலை கிடையாது.

நான் கேட்கிறேன்: உண்மையில் பரீட்சை யாருக்கு? பிள்ளையைப் பெறுவதும் பெறாததும் நம் கையில் இருந்தது. நம்மைப் பெற்றோராக அடைவதைப் பற்றி அவனை யாரும் கேட்கவில்லை. நம் கோபம், நம் கடன், நம் கௌரவம், எதிர்வீட்டுப் பிள்ளையின் மார்க்கைக் கேட்டுவிட்டு வந்த நம் வயிற்றெரிச்சல், இவ்வளவையும் தாங்க வேண்டியவன் அவன். மூன்றடி உயரத்தில் நின்றுகொண்டு, ஐந்தரை அடி உயரத்து மனிதர் இருவரின் முகக்குறிப்பைப் படித்துப் படித்து, இன்று வீட்டில் என்ன வானிலை என்று கணிக்க வேண்டியவன் அவன். நித்தியப் பரீட்சை எழுதுகிறவன் அவனாக இருக்க, பரீட்சையே அவன்தான் என்று படம் எடுத்து, அதற்கு அவனையே நடிக்கவும் வைக்கிறோம்.

இதில் சிரிப்பின் பங்கு சாமானியமானதில்லை. பெட்டிக்குள்ளே சிரிக்கும் அந்தப் பழக்கத்தை ஓர் இயந்திரமாக்கியவர் சார்லஸ் டக்ளஸ் என்னும் அமெரிக்க ஒலிப்பதிவு நிபுணர், 1950-களில். பலவகைச் சிரிப்புகளை ஒலிநாடாவில் பதித்து, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு கிடைக்கும்படி ஒரு பெட்டி செய்தார். ஒரு செயலுக்கு நாம் சிரிப்பதா, முகம் சுளிப்பதா என்று தீர்மானிப்பதற்குள் இயந்திரம் தீர்மானித்துவிடுகிறது. தகப்பன் பிள்ளையின் தலையில் குட்டுகிறான். நாம் 'ஐயோ' என்று சொல்ல வாய் திறக்குமுன் பத்துப் பேர் சிரித்துவிடுகிறார்கள். சிரித்த குற்றத்துக்குத் தண்டனை கொடுக்க எந்த மனிதனுக்கும் மனம் வராது. இப்படித்தான் தவறு முதலில் வேடிக்கையாகிறது, பிறகு வழக்கமாகிறது, கடைசியில் 'எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதானே' என்ற சமாதானமாகிறது.

எனக்குச் சிரிக்கத் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இந்தத் துறையில் நல்ல வேலையே நடந்ததில்லை என்றும் நான் சாதிக்கவில்லை. 1957-இல் அமெரிக்காவில் ஆரம்பித்த 'லீவ் இட் டு பீவர்' என்னும் குடும்ப ஹாஸ்யம், ஒரு சிறுவனின் கண் வழியாகப் பெரியவர்களைப் பார்த்தது. நம் நாட்டில், 1935-இல் ஆர்.கே. நாராயண் சுவாமிநாதன் என்ற பையனையும் அவன் சிநேகிதர்களையும் வைத்து நாவல் எழுதினார். 1986-இல் சங்கர் நாக் அதையும் பிற கதைகளையும் 'மால்குடி டேஸ்' என்று தூர்தர்ஷனுக்கு எடுத்தார். அங்கேயும் நடுத்தர வர்க்கத்துத் தகப்பன்தான். அங்கேயும் கணக்கும் பரீட்சையும்தான். ஆனால் கிரீஷ் கர்நாட் ஏற்ற அந்தத் தகப்பன் மாம்பழக் கணக்குப் போடச் சொல்லும்போது, நாம் உட்கார்ந்திருப்பது சுவாமியின் பக்கத்தில். நமக்கும் வியர்க்கிறது. அப்போது வரும் சிரிப்பு, மாட்டிக்கொண்டவனோடு சேர்ந்து சிரிக்கும் சிரிப்பு.

நாராயணின் தம்பி, கார்ட்டூனிஸ்டு ஆர்.கே. லக்ஷ்மண், 1988-இல் 'வாக்ளே கி துனியா'வுக்கு ஒரு குமாஸ்தாவைக் கொடுத்தார். மனைவி, இரண்டு குழந்தைகள், பற்றாத சம்பளம். அதில் சிரிப்புக்கு இலக்கு வாக்ளேயின் கோழைத்தனமும், அவரை நசுக்குகிற ஊரும் உலகமும். குழந்தைகள் இலக்கில்லை. அண்ணன் பிள்ளையின் பக்கத்தில் நின்றார். தம்பி தகப்பனையே பரீட்சைக்கு உட்கார வைத்தார். தமிழில், பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து, நாகா இயக்கி, 1998-இல் வந்த 'ரமணி வெர்சஸ் ரமணி'யில் ஒரே பெயர்கொண்ட கணவனும் மனைவியும் மோதிக்கொண்டார்கள். இரண்டு வளர்ந்த மனிதர்கள், சமமான எதிரிகள். அதனால் அந்தச் சிரிப்பில் பாவமில்லை. வழி தெரியாமல் போகவில்லை. வழி இருந்தும் மறந்துவிட்டார்கள்.

இனி, என் இரண்டாவது குற்றச்சாட்டு. இந்தத் தொடர்களைப் பார்த்தால், தமிழ்நாட்டில் பெற்றோர் என்ற பிராணி நடுத்தர வர்க்கத்து அடுக்குமாடி வீட்டில் மட்டுமே வசிப்பதாகத் தோன்றும். வேலைக்காரி வருவாள். அவள் லீவு போடுவது ஒரு ஹாஸ்யம். அன்று வீடு படும் பாடு ஓர் அத்தியாயம். அவள் ஏன் லீவு போட்டாள்? அவள் பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கலாம் அல்லவா? அந்தப் பிள்ளையின் முகத்தை எத்தனை தொடர்களில் பார்த்திருக்கிறீர்கள்? அவளும் ஒரு தாய் என்பது ஞாபகம் வந்தால் கதை நடக்காது. ஆகையால் அவளுக்குத் தாய்மை கிடையாது. விசேஷ நாள் காட்சியில் தாயார் காஞ்சிபுரம் பட்டு உடுத்தி வருகிறாள். கரையும் உடலும் தெரிகின்றன. கோர்த்த கை தெரிவதில்லை.

'அவரவர் கதையை அவரவர் பார்க்கிறார்கள், உமக்கென்ன?' என்று கேட்கலாம். அவரவர் கதையாக இருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. அந்தக் கூடத்தில் நடந்த மீதியையும் சொல்கிறேன், கேளுங்கள்.

தொடர் முடிந்து பெட்டியை அணைத்த பிறகு, நெசவாளர் தறி விளிம்பில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டு, தாமும் ஒரு தரம் அப்படிப் பேட்டிக்குப் போனதைச் சொன்னார். மகளை ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போயிருக்கிறார். எந்தப் பள்ளிக்கூடம் என்று நான் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் தகப்பனார் தொழில் என்று ஒரு கோடு. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம்.

"நெசவுன்னு எழுதினா புள்ளைக்கு எடம் குடுப்பாங்களோ மாட்டாங்களோன்னு ஒரு பயம், சார். ஜவுளி வியாபாரம்னு எழுதிட்டேன். இன்னிக்கும் அங்க அப்படித்தான் இருக்குது."

பேத்தி சட்டென்று, "எனக்குத் தெரியும்ப்பா. என் சினேகிதிங்க கடை எங்கேன்னு கேப்பாங்க. வேற ஊர்லேன்னு சொல்லிடுவேன்" என்றாள்.

நெசவாளர் ஒன்றும் சொல்லவில்லை. தறியில் இருந்த சேலையின் மேல் ஒரு துணியை எடுத்துப் போட்டு மூடினார்.

வாசகர்களே, இது அதே கதைதான். தகப்பன், பள்ளிக்கூடம், பேட்டி, ஒரு பொய், அதை அறிந்த குழந்தை. திரையில் பிள்ளை உண்மையைப் போட்டு உடைத்தான், பெருஞ்சிரிப்பு. இங்கே பிள்ளை தகப்பனின் பொய்யைப் பல வருஷங்களாகச் சுமந்து, அதற்கு மேல் ஒரு பொய்யும் சேர்த்துக் காப்பாற்றி வந்திருக்கிறாள். பாடு யாருடையது? பரீட்சை எழுதியவள் யார்? அந்தப் பெண்ணின் வேலையைத் தறியில் பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளிய சிறுவனின் வேலையோடு ஒப்பிட்டால் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். தகப்பன் மானத்தின் கரை பிரியாமல் அவளும் கோர்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஹாஸ்யக்காரர்களின் தரப்பு வாதம் எனக்குத் தெரியும். நாள் முழுதும் உழைத்துவிட்டு வருகிறவன் சற்றுச் சிரித்துவிட்டுத் தூங்கட்டும், அவனிடம் வந்து சமூகப் பாடம் நடத்தாதே என்பார்கள். நியாயமான பேச்சு. ஆனால் நாள் முழுதும் உழைத்தவர்கள் அந்தக் கூடத்தில் இருந்தார்கள், அவர்கள் சிரிக்கவில்லை. நான் பாடம் கேட்கவில்லை. இன்னும் நல்ல சிரிப்புத்தான் கேட்கிறேன். பள்ளிக்கூட நிர்வாகம் என்ற பெயரால் நான்கு வயதுப் பிள்ளையின் பெற்றோரை வரிசையில் நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறார்களே, அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து ஏன் ஒரு தொடரும் சிரிக்கவில்லை? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டும் இந்தப் பேட்டிகளைத் தடை செய்து அபராதமும் விதித்திருக்கிறது. சட்டம் குற்றம் என்று சொன்னதை ஹாஸ்யம் ஒரு குடும்ப வேடிக்கை என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அச்சத்தை உண்டாக்குகிறவனை விட்டுவிட்டு அஞ்சுகிறவனைப் பார்த்துச் சிரிப்பதற்குத் தைரியம் தேவையில்லை. பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதற்கு அதுகூடத் தேவையில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு என் கணக்கை மட்டும் மறைப்பது யோக்கியமாகாது. சுமார் நாற்பது வருஷங்களுக்கு முன்பு நான் ஒரு பத்திரிகையில் வாராவாரம் நகைச்சுவைப் பக்கம் எழுதி வந்தேன். சரக்குக் கிடைக்காத வாரங்களில் என் மகன் எனக்கு அகப்படுவான். அவன் கணக்கில் பூஜ்யம் வாங்கியதையும், அந்தப் பூஜ்யத்துக்கு முன்னால் தானே ஓர் எட்டைப் போட்டுக்கொண்டு வந்து மாட்டிக்கொண்டதையும் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். 'வயிறு வலிக்கச் சிரித்தோம்' என்று வாசகர்கள் கடிதம் போட்டார்கள். அந்தக் கடிதங்களை அவனுக்கே படித்தும் காட்டினேன். எத்தனை பெரிய அறிவாளி பாருங்கள், நான்!

அவன் கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனான பிறகு, ஒரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னான்: "அப்பா, அந்தக் கதை வந்த வாரம் நான் மூணு நாள் வயித்து வலின்னு பள்ளிக்கூடம் போகல்லே, ஞாபகம் இருக்கா? வயிறு வலிக்கல்லேப்பா."

எனக்கு வயிறு வலித்த நாள் அது. ஆகவே இந்தக் கட்டுரையில் நான் யாரைத் திட்டியிருந்தாலும், அந்தப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை பஸ் ஏறுவதற்கு முன்னால் குமரகோட்டத்துக்குப் போனேன். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் பாடி அரங்கேற்றியது இந்தக் கோயிலில்தான் என்பது காஞ்சிபுரத்து மரபு. அங்கே சந்நிதியில் முருகன் கையில் வேல் இல்லை. ஜபமாலையும் கமண்டலமும் இருக்கின்றன. கதை நமக்குத் தெரியும். பிரமதேவன் பெரிய உத்தியோகஸ்தன். சிறு பிள்ளைதானே என்று முருகனை அலட்சியம் செய்து கடந்து போகிறான். பிள்ளை அவனை நிறுத்திப் பிரணவத்துக்குப் பொருள் கேட்கிறது. படைப்புத் தொழிலையே கையில் வைத்திருப்பவனுக்குப் பதில் தெரியவில்லை. பிள்ளை அவனைச் சிறையில் போடுகிறது. பிறகு தகப்பனே வந்து கேட்டுக்கொண்டதால் விடுவிக்கிறது; தகப்பனுக்கும் அந்தப் பொருளை உபதேசம் செய்கிறது. பெரியவன் ஒருவனைச் சிறை வைத்தது பிழை என்று, அதற்குப் பிராயச்சித்தமாக அந்தப் பிள்ளை பிரமன் கோலத்தில் தவமிருந்த இடம் குமரகோட்டம் என்கிறது தலபுராணம்.

பிள்ளை கேள்வி கேட்கிறது; பெரியவர் தோற்கிறார்; தகப்பன் கைகட்டிக் கேட்டுக்கொள்கிறார். பிழை செய்துவிட்டோமோ என்று வருந்துகிற கடமைகூட அந்தப் பிள்ளைக்குத்தான் வருகிறது. இதைவிடப் பெரிய குடும்ப ஹாஸ்யம் எந்த நாட்டுத் தொலைக்காட்சியில் வந்திருக்கிறது? பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன ஊரில் இவ்வளவு பெரிய கதை கல்லில் நின்றுகொண்டிருக்க, எல்.கே.ஜி. பேட்டிக்கு டை கட்டுவதில் நம் கற்பனை முட்டிக்கொண்டு நிற்கிறதே!

ஊர் திரும்பியதும் மகனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பூஜ்யத்துக்கு முன்னால் போட்ட எட்டைப் பற்றி எழுதியதற்காகவும், அந்தக் கடிதங்களைப் படித்துக் காட்டியதற்காகவும் மன்னிப்புக் கேட்டிருந்தேன். அவனிடமிருந்து வந்த பதில் இரண்டே வரி. முதல் வரியில், தன் பெண் இப்போது கணக்கில் பூஜ்யம் வாங்குவதாகவும், தான் அதை யாரிடமும் சொல்வதில்லை என்றும் எழுதியிருந்தான். இரண்டாவது வரி: "இதையும் பத்திரிகையில் எழுதிவிடாதீர்கள், அப்பா."

அவனையும் அவன் பெண்ணையும் கேட்டு, அனுமதி வாங்கிக்கொண்டுதான் எழுதியிருக்கிறேன். நாற்பது வருஷங்களில் இது முதல் தடவை.